எஸ். இசக்கியம்மாள்

மூன்றாம் மாடியில், திசு வங்கி என்று பலகை மாட்டிய அறைக்கு வெளியே நாலு இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரோரத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்ததும் இசக்கியம்மாளுக்கு முதலில் தோன்றியது, நல்லவேளை சின்ன இசக்கி வந்து பக்கத்தில் உட்கார மாட்டாள் என்பதுதான். செத்து ஏழு மாசம் ஆனவள் எங்கிருந்து வருவாள். இருந்தாலும் தோன்றியது, தோன்றியதில் ஒரு ஆசுவாசமும் இருந்தது, பின்னாலேயே சீ, என்ன மனுஷி நீ என்றும் இருந்தது. வியாழக்கிழமை போன் வந்ததிலிருந்து இப்படித்தான். "திங்கட்கிழமை செக்கப்புக்கு வருவீங்கல்லம்மா, அப்படியே மாடியில எங்க ரூமுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, ஒரு விஷயம் பேசணும்" என்றாள் பெனிட்டா, இந்த அறையில் வேலை பார்க்கிற பெண். என்ன விஷயம் என்றால் நேரில் சொல்கிறேன் என்றாள். நேரில் சொல்கிறேன் என்றவர்கள் யாரும் இதுவரைக்கும் நல்ல சேதி சொன்னதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தைத்த ரவிக்கையில் வலது கையை இடதிலும் இடது கையை வலதிலும் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் அதே மாதிரி தைத்து வைத்தாள். இருபத்தாறு வருஷமாக மிஷின் மிதிக்கிறவள் செய்கிற காரியமா அது. வியாதி திரும்ப வந்துவிட்டதோ, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்களோ. அப்படி என்றால் கீழே பெரிய டாக்டர் அல்லவா சொல்லியிருப்பார், காலையில் அவர் தடவிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, மூணு மாசம் கழிச்சு வாங்க என்று அனுப்பிவிட்டாரே. ஆகவே இது தன் சங்கதி இல்லை. இது சின்ன இசக்கி சங்கதி. அவள் கொடுத்துவிட்டுப் போன கட்டி இன்னும் ரெண்டு ஊருக்குப் போயிருக்கும், ஏதாவது பாராட்டு வந்திருக்கும், கூட இருந்தவள் என்று நம்மைக் கைதட்டக் கூப்பிட்டிருப்பார்கள். இசக்கியம்மாள் ரெண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டாள். தட்ட மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

எல்லாம் பேரில் ஆரம்பித்தது. திருநெல்வேலிப் பக்கம் நடுத்தெருவில் நின்று இசக்கி என்று கூப்பிட்டால் பத்துத் தலை திரும்பும், அது புதுசில்லை. ஆனால் ஒரே வார்டில், அடுத்தடுத்த கட்டிலில், ஒரே வியாதியோடு, அதுவும் ஒரே இடது மாரில் கட்டியோடு ரெண்டு இசக்கியம்மாள் வந்து படுத்தால் என்ன செய்வார்கள். இவள் வீரவநல்லூர், அவள் அம்பாசமுத்திரம். வாசலில் நின்று நர்ஸ் பேரைச் சொன்னால் ரெண்டு பேரும் சேர்ந்து என்ன என்பார்கள், வார்டே சிரிக்கும். ரெண்டாம் நாளே இவளைப் பெரிய இசக்கி ஆக்கிவிட்டார்கள், அவளைச் சின்ன இசக்கி. எதில் பெரிசு என்று இவள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். நாலே வயசு வித்தியாசம், நாற்பத்தேழும் நாற்பத்திமூணும். அவளுக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும், அதனால் சின்னது. ஊசி போட வருகிறவளிடம் உன் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்பாள், தரை துடைக்க வருகிறவளிடம் மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள், எல்லாருக்கும் அவள் கட்டிலருகே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகவேண்டும். "ஏக்கா, நம்ம ரெண்டு பேரையும் ஒரே கட்டில்ல போட்டிருந்தா ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டு மிச்சம்லா" என்பாள் இவளிடம். இவளும் சிரிப்பாள். சிரிக்காமல் எப்படி இருப்பது, அந்த மூதி அப்படிச் சொல்லுவாள். சிரித்து முடித்ததும், இந்த மாதிரி ஒன்று நமக்கு ஏன் சொல்ல வரவில்லை என்று பொருமலாக இருக்கும். வயிறு எரிகிறது என்று ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள், இவளுக்கு நிஜமாகவே எரிந்தது, தொப்புளுக்கு மேலே நாலு விரல்கடை உயரத்தில். அதற்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள்.

அந்தக் கையெழுத்தும் அப்படிப் போட்டதுதானே. ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னால், கவுன்சிலர் வந்து பேசுவாங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவள் வீட்டுக்காரர் சண்முகவேல் அதைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார், வார்டு கவுன்சிலர் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வாறாவ என்று. வந்தது இந்தப் பெனிட்டா, கையில் காகிதம். "ஆபரேஷன்ல எடுக்கிற கட்டியில டாக்டருங்க சோதனைக்கு வேண்டியதை எடுத்தது போக மிச்சம் இருக்கும்மா. அதைக் குளிர்ல பத்திரப்படுத்தி வெச்சு, புற்றுநோய் ஆராய்ச்சி பண்றவங்க யாரு கேட்டாலும் பங்கு போட்டுக் கொடுப்போம். நீங்க மனசு வெச்சாத்தான். கட்டாயம் இல்ல" என்றாள். மிச்சம் என்றதும் இவளுக்குத் தன் கடைதான் ஞாபகம் வந்தது. ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் வெட்டின மிச்சத்தை மறக்காமல் கேட்பார்கள், ஒரு சாண் துணி என்றாலும் கேட்பார்கள், அந்தத் துணியை வைத்து ஒன்றும் செய்யப் போவதில்லை, ஆனால் அடுத்தவள் வீட்டுத் தலையணை உறையில் தன் ரவிக்கைத் துணியைப் பார்க்கச் சகிக்காது. அதனால் இவள் யோசித்தாள். யோசிக்கிறேன் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் பக்கத்துக் கட்டிலில் அவள் போட்டுவிட்டாள் கையெழுத்து. "எடுத்துக்கோங்க தாயி, எனக்கு அந்தக் கட்டிச் சவம் எதுக்கு" என்றாள். பெனிட்டாவுக்குக் கண் கலங்கிப்போயிற்று, உங்களை மாதிரி மனசு யாருக்கும்மா வரும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் பேனாவை வாங்கிப் போட்டாள் பார் ஒரு கையெழுத்து, காகிதம் கிழிகிற மாதிரி. ரெண்டாவதாகப் போட்டவளின் கையை யாரும் பிடிக்கவில்லை. திசு எதுக்குப் பயன்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. அவள் ஆமாம் என்று டிக் போட்டிருந்தாள், இவளும் போட்டாள்.

ஆபரேஷன் அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. லிஸ்டில் பெரிய இசக்கிதான் முதலில் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள், அதில் ஒரு அற்ப சந்தோஷம் இவளுக்கு, ஏதோ ஒன்றில் முந்திவிட்டோம் என்று. விடிந்ததும் பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் சுடலைமுத்து, அவளைக் கட்டியவர், அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிப் பச்சைக் கவுனோடு அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மரக்கடையில் லோடு ஏற்றுகிற அந்தக் காய்ப்பேறின கை, மூணு கால் எடுத்து, ஒரு மயிர் இழுபடாமல் பின்னுகிறது. இனிமேல் முடி கொட்டிவிடும், கடைசியாக ஒரு தடவை பின்னிவிடட்டும் என்று அவள் கேட்டாளாம். இவளைக் கட்டியவர் அதை வாய் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பாத்தியாட்டி, எப்படித் தாங்குதான் பாரு" என்றார், ரொம்ப வெள்ளையாக, தான் ஒரு ஆண்பிள்ளை பக்கத்தில் சும்மா நிற்கிறோம் என்கிற கூறே இல்லாமல். அப்போது தலைக்குள் ஏறிற்று ஒரு சூடு. நர்ஸ் வந்து கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், பயப்படுதியளா என்றாள். இவள் எதைச் சொல்ல. இறங்கட்டும் என்று மாத்திரையைக் கொடுத்து இவளை நிறுத்திவைத்துவிட்டு அவளை முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது ஸ்ட்ரெச்சரில் இருந்து கையை ஆட்டி, "இடம் பிடிச்சு வைக்கேன்க்கா" என்றாள்.

கட்டு பிரித்து, தையல் பிரித்து, மருந்து ஏற்றி, இவளுக்கும் அவளுக்கும் தலை மொட்டையாகி எல்லாம் ஆன பிறகு ஒரு நாள், மருந்து ஏற்றுகிற அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுதான் அவள் அந்தச் சேதியைச் சொன்னாள். "ஏக்கா, கேட்டியளா. என் சவம் பெங்களூருக்குப் போயிருக்காம். கல்கத்தாவுக்கும் போகுதாம். கண்ணாடித் தட்டுல போட்டா நல்லா வளருதாம், எல்லாரும் கேக்காவளாம். நான் தென்காசி தாண்டுனதில்ல பாத்துக்கிடுங்க." உடம்பில் ரத்தம் இல்லை, உதட்டில் புண், அதோடும் அந்தக் குழி விழுந்தது கன்னத்தில். இவள் அன்றைக்கே ஊசிக் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிப் பெனிட்டாவிடம் கேட்டாள், என்னோடது எங்க போயிருக்கு என்று. பெனிட்டா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "உங்களுது வளரலைம்மா. கொஞ்சம் மெழுகுல பதிச்சு வெச்சிருக்கோம். சில சமயம் அப்படித்தான், வருத்தப்படாதீங்க" என்றாள். வருத்தமா. மாரை அறுத்துக் கொடுத்தாயிற்று, இடது கை தூக்க முடியவில்லை, கடையில் தையல் பாதியாகக் குறைந்துவிட்டது, தனக்கு ரவிக்கை தைக்கும்போது இடது பக்கக் கப்பில் பஞ்சு வைத்துத் தைக்க வேண்டியிருக்கிறது, எல்லாம் போகட்டும், போனதாவது ஒரு வேலைக்கு ஆகியிருக்கலாம் அல்லவா. அவளுடையது ஊர் ஊராகப் போகிறது, இவளுடையது ஒரு டப்பாவில் மெழுகுக்குள். நோயில்கூட அவளுக்குச் சாமர்த்தியம். அப்படி நினைத்தாள், கூசாமல் நினைத்தாள். அன்று ராத்திரி சண்முகவேல் சாப்பிட்டியா என்று கேட்டபோது, என்னோடது எதுக்கும் லாயக்கில்ல என்று சொன்னாள், அவர் குழம்பைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நல்லாத்தான இருக்கு என்றார்.

அப்புறம் அவள் செத்துப்போனாள். ஆடி மாசம், ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள், பதினாறு நாளில் முடிந்துவிட்டது. சேதி வந்தபோது இவளுக்கு வாய் அடைத்துப்போயிற்று, உண்மையிலேயே அடைத்தது, இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். ஆனால் குளியலறையில் சண்முகவேல் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுததைக் கேட்டாள் பாருங்கள், அதோடு அந்த அடைப்பு திறந்துகொண்டது. எனக்கு அறுத்தபோது இந்தக் குழாய் திறந்ததா. மூணு மாசம் சமைத்துப் போட்டாரே, உப்பு போட்டும் போடாமலும், துணி துவைத்தாரே, இன்றைக்கும் கீழே மருந்து வாங்க வரிசையில் நிற்கிறாரே என்றெல்லாம் நியாயம் எழும்பிற்று, எழும்பி என்ன, அந்தக் குழாய்ச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. செத்தவளோடு போட்டி போடுகிறவளைப் போல் ஒரு கூறுகெட்டவள் உலகத்தில் உண்டா. உயிரோடு இருக்கிறவளோடு போட்டி என்றால் அவளுக்கும் வயசாகும், பல் விழும், ஒரு நாள் கோபத்தில் கெட்ட வார்த்தை பேசி மாட்டிக்கொள்வாள். செத்தவள் அப்படியே நாற்பத்தைந்தில் நின்றுகொண்டாள். செத்தும் முழுக்கச் சாகவில்லை, அதுதான் பெரிய கொடுமை, நாற்காலிக்கு எதிரே இந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மைனஸ் எண்பது என்று சிவப்பில் எழுத்து எரிகிற அந்த ஆளுயரக் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிறாள், கேட்கிறவர்களுக்கெல்லாம் பங்கு போய்க்கொண்டிருக்கிறாள்.

இதைவிடவும் சகிக்காதது ஒன்று உண்டு. மாசாமாசம் முதல் திங்கட்கிழமை சுடலைமுத்து அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி இங்கே வருகிறார். சிகிச்சை இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு வேலையும் கிடையாது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அஞ்சு நிமிஷம் நிற்பார், அவ்வளவுதான், போய்விடுவார். செக்கப்புக்கு வந்த இடத்தில் இவள் ரெண்டு தடவை பார்த்துவிட்டாள். ரெண்டாம் தடவை தூணுக்கு இந்தப் பக்கம் நின்றபோது காதிலும் விழுந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்து அவர் வீட்டுச் சமாச்சாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்படிக்குத் தளம் போட்டாச்சு, கொத்தனார் ரெண்டு நாள் ஏமாத்திட்டுத்தான் வந்தான். பாப்பா கணக்கில எண்பத்தொண்ணு வாங்கியிருக்கா. மேலவீட்டு ஆச்சி உன்னயக் கேட்டாவ. மெள்ளமாக, தூங்குகிறவளை எழுப்பாத மாதிரி. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அடுப்படித் தளத்தைப் பற்றி ஒருத்தர் இவளிடம் அப்படிச் சொன்னதுண்டா. சண்முகவேல் சொல்வார், தளம் போட்டாச்சு என்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார். அன்றைக்கு வீடு போகிறவரைக்கும் பஸ்ஸில் இவள் தலைவலி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாடிப்படியில் காலடி கேட்டது. பார்க்காமலே தெரிந்துவிட்டது. சுடலைமுத்து வந்து, வழக்கம்போலக் கண்ணாடிக் கதவுப் பக்கமாக ரெண்டு எட்டு வைத்தவர் இவளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஆள் இளைத்திருந்தார், சட்டைக் கழுத்து தொளதொள என்றிருந்தது, அரை அங்குலம் பிடித்துத் தைக்கலாம் என்று கை நினைத்தது. "செக்கப்பா மைனி? அண்ணாச்சி வரலியா?" என்றார். "கீழ மருந்துக்கு நிக்காவ" என்றாள். ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார். "எனக்கும் போன் வந்தது பாத்துக்கிடுங்க. நேர்ல வாங்கன்னாவ. இன்னும் எங்கயாது அனுப்பப் போறாவளோ என்னவோ. வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா என் கையெழுத்து வேணுமாயிருக்கும்." சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கம், பெண் எடுக்க வருகிறார்கள் என்று சொல்கிற அப்பன் மாதிரி. வெளிநாடு. சரிதான், அதையும் பார்த்துவிடலாம். "ஒங்களுக்கும் போன் பண்ணுனாவளா மைனி?" என்றார். "ஆமா. எதுக்குன்னு தெரியல" என்றாள். "ஒங்களோடதும் முளைச்சிருக்கும்" என்றார் அவர், ஆறுதலாக. ஆறுதல் சொல்கிறார். அவள் புருஷன் வந்து தனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று இருந்தது, எழுந்து போய்விடலாமா என்றும் இருந்தது, அப்போது கதவு திறந்து பெனிட்டா தலையை நீட்டினாள். ரெண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அம்மா, நீங்க மொதல்ல வாங்க. சார், ஒரு பத்து நிமிஷம்" என்றாள்.

உள்ளே கண்ணாடி போட்ட டாக்டர் ஒருத்தர் இருந்தார், சந்தனக்குமார் என்று மேஜையில் பேர் இருந்தது. எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு அவர் எதையும் மென்று முழுங்காமல் சொன்னார். "எங்க பக்கம் ஒரு தப்பு நடந்திருக்கும்மா. பெங்களூர்ல ஒரு இடத்தில கட்டியையும் அதே ஆளோட ரத்தத்தையும் சேர்த்து வெச்சுப் பார்த்திருக்காங்க. ரெண்டும் ஒரே ஆளோடது இல்லன்னு எழுதினாங்க. தேடிப் பார்த்தோம். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள் ஆபரேஷன். எங்க குழாய்ல ஒட்டுற சீட்டை முந்தின நாளே லிஸ்ட் வரிசைப்படி எடுத்து வெச்சிட்டாங்க. காலையில உங்களுக்கு பிரஷர் கூடினதால வரிசை மாறிடுச்சு. சீட்டு மாறல. ஒட்டினவங்க நம்பரைப் பார்க்காம பேரை மட்டும் பார்த்திருக்காங்க. ரெண்டுலயும் எஸ். இசக்கியம்மாள்." எஸ் என்றால் என்ன என்று இவள் கேட்டாள். "உங்க வீட்டுக்காரர் சண்முகவேல், அவங்க வீட்டுக்காரர் சுடலைமுத்து. இங்கிலீஷ்ல ரெண்டும் எஸ்தாம்மா" என்றாள் பெனிட்டா. தமிழில் எழுதியிருந்தால் ஒன்று ச, ஒன்று சு. ஒரு சுழிதான். வைத்தியத்துக்குப் போன துண்டு வேற வழி, அது கைப்பட்டை நம்பரைப் பார்த்து எடுத்தது, ரெண்டு தரம் சரிபார்த்தாயிற்று, உங்க ரெண்டு பேர் மருந்திலும் ஒரு குளறுபடியும் இல்லை என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். அது காதில் பாதிதான் விழுந்தது. "அப்பம் அந்த வளருதது?" என்றாள். "உங்களுது" என்றார் டாக்டர்.

மனசு துள்ளிற்று. பொய் சொல்வானேன், துள்ளத்தான் செய்தது, ரெண்டு வருஷம் நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் எழுந்து போன மாதிரி. பெங்களூர் போனது நான். கல்கத்தா போனது நான். சிரிப்பு வரப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். உடனே இன்னொன்று வந்தது, அவ்வளவு நன்றாக வளர்கிறது என்றால் அது நல்லதா என்று. கேட்டும்விட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் வேகமான வகைதாம்மா. அதனாலதான் தட்டுல சுளுவா வளருது. உங்க உடம்புல இப்ப ஒண்ணும் இல்ல, ஆனா செக்கப்பை ஒரு தடவைகூட விடாதீங்க" என்றார். இதற்கா இத்தனை நாள் ஆசைப்பட்டோம். அப்படி நினைக்கும்போதே வாய், "போன எடமெல்லாம் இனிமே என் பேரைப் போடுவியளா" என்று கேட்டது. "பேரே கிடையாதும்மா. வெளிய போறது வெறும் நம்பர்தான்" என்றாள் பெனிட்டா. ஆக அங்கே யாருக்கும் அவளையும் தெரியாது, இவளையும் தெரியாது. இல்லாத பேருக்கு ரெண்டு வருஷம் வயிறு எரிந்திருக்கிறது. "அவளோடது?" என்றாள். "அவங்களுது வளரல. மெழுகுல கொஞ்சம் இருந்தது. இப்ப யாரோடதுன்னு உறுதி பண்ற சோதனைக்கே அது செலவாயிட்டுது." அப்படியானால் அந்தப் பெட்டிக்குள் அவள் இல்லை. ஒருபொழுதும் இருக்கவில்லை. இருந்தது நான். அடுப்படிக்குத் தளம் போட்டதை என்னிடம் சொல்லியிருக்கிறார். பாப்பாவின் எண்பத்தொன்றை என்னிடம் சொல்லியிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஆண்பிள்ளை ஏழு மாசம் எனக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார், நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று வெந்திருக்கிறேன். பிரஷர் ஏன் கூடியது என்று இந்த அறையில் யாரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ. இனிமேலும் பயன்படுத்தலாமா, வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம், உங்க விருப்பம் என்று புதுக் காகிதத்தை நீட்டினார்கள். பயன்படுத்துங்க என்றாள், தமிழில் போடலாமா என்று கேட்டு, ச என்று பெரிசாக எழுதி, புள்ளி வைத்து, பேரை எழுதினாள். எழுந்தவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவ்வொகிட்ட சொல்லாம இருந்தா என்ன?" பெனிட்டா டாக்டரைப் பார்த்தாள். "சொல்லித்தான் ஆகணும்மா. தெரிஞ்சுக்க விரும்புறேன்னு அவங்க வீட்டம்மா டிக் போட்டிருக்காங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்தபோது சுடலைமுத்து எழுந்து நின்றார். "என்ன மைனி, முளைச்சிட்டாமா?" என்றார். இவள் ஆமாம் என்று தலையாட்டினாள், வேறு என்ன ஆட்டுவது. "அவ கேட்டா சந்தோசப்படுவா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. போன் அடித்தது. முடிஞ்சுதா, ஒண்ணேகால் பஸ்ஸை விட்டா அடுத்தது ரெண்டரைக்குத்தான் என்றார் சண்முகவேல். ரெண்டரைக்கே போவோம், நீங்க ஒரு டீ குடிங்க என்று சொல்லி வைத்தாள். உள்ளே சத்தம் ஏதும் கேட்கவில்லை. அழுதால் கேட்கும், ஒன்றும் கேட்கவில்லை, பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இப்போது அவர் அழுதால் அது அவளுக்காகத்தான். அவள் ரெண்டாம் தடவையும் சாகிறாள், ரெண்டாம் தடவையும் ஒருத்தர் அழப்போகிறார், இங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கிறவளுடையது ஊரெல்லாம் போய் வளர்ந்து நிற்கிறது, அதற்காக யார் வந்து நிற்பார்கள். இந்த நிமிஷத்திலும் இப்படி ஒரு நினைப்பு வருகிறதே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது, வெறுப்பு வந்தும் நினைப்பு போகவில்லை. போய்விடலாம், அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று ரெண்டு தடவை பையை எடுத்தாள், ரெண்டு தடவையும் கீழே வைத்தாள்.

கதவு திறந்தது. சுடலைமுத்து வந்தார், அழுத முகம் இல்லை. கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பவில்லை, நேராக வந்து இவளுக்கு முன்னால் நின்றார், இவளை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். "அப்பம் இத்தன நாளும் நான் ஒங்களத்தான் பாத்துட்டுப் போயிருக்கேன் மைனி" என்றார். இவள் சொல்ல நினைத்தது எவ்வளவோ. தப்பு என் பேரில்தான் என்று சொல்ல நினைத்தாள், அன்றைக்கு அந்தத் தலை பின்னலைப் பார்த்துத்தான் பிரஷர் கூடிற்று என்று சொல்ல நினைத்தாள், அவளை எனக்குப் பிடிக்கும் தம்பி, சாமி சத்தியமாகப் பிடிக்கும் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் படியைப் பார்க்க நடக்கத் தொடங்கிவிட்டார். நாலு படி இறங்கியிருப்பார், அப்போதுதான் வாயில் இருந்து வந்தது, நினைக்காத ஒன்று வந்தது. "அடுத்த மாசம் வருவியளா தம்பி?"

சுடலைமுத்து கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"யாரப் பாக்க?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.